பானட்டில் இரண்டு தட்டு

சனிக்கிழமை காலையில் எங்கள் மேகசினுக்குள், அதாவது இந்தக் கார்ப் பட்டறைப் பேட்டைக்குள், கார் கொண்டுவருகிற ஆளை எனக்கு ஆகவே ஆகாது. எங்கள் குமாசி நகரத்தில் சனிக்கிழமை என்றால் சாவு வீடு, அடக்கமெல்லாம் அன்றைக்குத்தான். மாதக்கணக்காகக் கடகடவென்று கத்திக்கொண்டிருந்த சக்கரத்தை அதுவரை திரும்பிப் பார்க்காமல், கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு அன்றைக்குத்தான் மெக்கானிக்கைத் தேடி வருவார்கள். காலைக் கீழே வைப்பதற்குள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். செத்தவரே அவசரப்படவில்லை, உங்களுக்கு என்ன அவசரம் என்று நான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கு வாடிக்கை குறைந்ததுதான் மிச்சம்.

என் பெயர் நிமாகோ. சுவாமே மேகசினில் பழைய நட்டு, போல்ட்டு விற்கிறேன். பால் டின்களில் அளவு பிரித்துப் போட்டு வைத்திருப்பேன். என் கடையை ஒட்டினாற்போல் செர்வாவின் கொட்டகை. முன் சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஷாக், ஸ்பிரிங், அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ், இந்த வேலைதான் அவள் வேலை. இரண்டு பிள்ளைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் அம்மாவும் நானும் ஒரே ஊர் என்பதால் என்னை மாமா என்பாள். மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே மானத்தை வாங்குவாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் தாச்சி. கூரைத் தகடு வியாபாரி. மலைமேல் இருக்கிற மாம்பாங் ஊரில் அவர் அப்பாவுக்கு அடக்கம். கூட அவருடைய அக்கா கொனாடு, அக்காவின் இரட்டைப் பெண் குழந்தைகள். குழந்தைகள் இருவரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை போட்டு, பின் சீட்டில் ஒரு கேக் துண்டுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். காரின் வலது முன் ஷாக் எண்ணெய் கக்கிப் போயிருந்தது. கீழே ஒரு புஷ்ஷும் கிழிந்திருந்தது.

"மத்தியானத்துக்குள்ள பெட்டிய மூடிடுவாங்க மாஸ்டர். நான் மூத்த பையன். நான் முகம் பாக்காம மூடக் கூடாது" என்றார் தாச்சி.

"அப்போ நேத்தே வந்திருக்கணும்ணே" என்றாள் செர்வா. சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிவிட்டாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது அவள் எந்த நட்டையும் கடைசிவரை இறுக்க மாட்டாள். குட்டை ஸ்பானரால் பிடித்து மட்டும் வைப்பாள். தொங்குகிற நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துவிடும். அதனால் சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஆட்களை உள்ளே உட்காரவைத்து, வண்டி சாலையில் எப்படி அமுங்கி நிற்குமோ அப்படி நிற்க வைப்பாள். பிறகு இறுக்கத்துக்கு அளவு வைக்கிற டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டாக வருவாள். அளவு வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். எல்லாம் முடிந்த பிறகு பானட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அதுதான் போகலாம் என்பதற்கு அடையாளம்.

இந்தத் தட்டு அவள் ஒருத்திக்கு மட்டும் உள்ளதல்ல, எங்கள் மேகசினுக்கே உள்ளது. இங்கே சுத்தியல் சத்தத்திலும் வெல்டிங் சத்தத்திலும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. டிரைவர்கள் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார்கள். வேலை செய்த கை இரண்டு தடவை தட்டினால் கிளம்புவார்கள். அதனாலேயே இங்கே வேறு எவனும் அடுத்தவன் வண்டியின் பானட்டில் கை வைக்க மாட்டான்.

சக்கரம் தரைக்கு வந்தது. எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம்; அங்கே தாச்சி உட்கார்ந்தார், குழந்தைகள் பின்னால். கொனாடு மட்டும் போனில் யாரிடமோ அழுதுகொண்டே தெருமுனைவரை நடந்துவிட்டாள். வேலை நடக்கும் பக்கத்தில் எடை வேண்டுமே. என் பெண்டாட்டி அராபா மீன் வறுக்கிற சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"இந்த மேகசின்ல என் உடம்புக்கு ஒரு மரியாதை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று சொல்லி முன் சீட்டில் அமர்ந்தாள். வண்டி நன்றாகவே அமுங்கியது.

டார்க் ரெஞ்ச் செர்வாவுடையது மட்டுமல்ல. மூன்று கொட்டகைக்காரர்கள் சேர்ந்து வாங்கியது. வேண்டும்போது அது எப்போதும் மூன்றாவது கொட்டகையில்தான் இருக்கும். "யாரும் அசையாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் அதை வாங்கப் போனாள்.

நான் கடைக்குள் ஒருவனுக்குப் போல்ட் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு காதில் விழுந்தது. இஞ்சின் கிளம்பும் சத்தமும் விழுந்தது. ஒரு தொல்லை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் செர்வா ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் ஜாக்கியும்தான் இருந்தன.

"மாமா, வண்டி எங்க?"

"போயிடுச்சே."

"போயிடுச்சா? யாரு போகச் சொன்னது?"

"நீதானே தட்டின. என் காதுலேயே விழுந்துச்சு."

"நான் அந்தக் கோடியில நின்னு ரெஞ்சுக்கு மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன். என் கை அங்கேருந்து இங்க நீளுமா?"

சட்டிக்குப் பின்னாலிருந்து அராபா எழுந்தாள். "நான்தான் தட்டினேன். அந்த அக்கா திரும்பி வந்துச்சு, எடம் குடுத்துட்டு எறங்கினேன். துக்கத்துக்குப் போறவங்களாச்சே, ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தட்டி அனுப்பினேன். எங்க ஊர்ல படகு கெளம்பும்போது அப்படித்தான் தட்டி அனுப்புவோம். ஏன்? என்ன இப்போ?"

அராபா கடற்கரைக்காரி. வினேபாவில் மீன் விற்றுக்கொண்டிருந்தவளை நான் கட்டிக்கொண்டு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. இங்கே தட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லித் தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

செர்வா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றாள்.

"ஷாக்குக்குக் கீழ ரெண்டு பெரிய போல்ட் மாமா. சக்கரத்தையே அதுதான் நிமித்திப் புடிச்சிருக்கு. ரெண்டு நட்டும் சும்மா புடிச்சுத்தான் வெச்சிருக்கேன். குலுங்கக் குலுங்க அவுந்துக்கிட்டே வரும். மாம்பாங் மலை ஏறணும். அந்த வளைவுல..." அவள் முடிக்கவில்லை. "ரெண்டு பச்சப் புள்ளைங்க உள்ள இருக்கு."

தாச்சியின் நம்பர் அவளிடம் இருந்தது. அடித்தாள். மணி போயிற்று. அதே நேரத்தில் என் கடைக்குள் ஏதோ பாட்டுப் பாடியது. திரும்பிப் பார்த்தால், பால் டின்களுக்கு நடுவே சார்ஜில் போட்ட தாச்சியின் போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு துள்ளுகிறது. 'செர்வா ஷாக் மாஸ்டர்' என்று பெயர் வேறு வருகிறது. அந்த மனிதனை அப்போதே கையில் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

என்னிடம் ஒரு மோட்டார் பைக் உண்டு. அதற்கு பிரேக் உண்டு என்று சொல்ல முடியாது. பிரேக்கை மிதித்தால் அது யோசித்து ஒரு முடிவுக்கு வரும். செர்வா குட்டை ஸ்பானரை இடுப்பில் செருகி, என் பின்னால் ஏறிக்கொண்டு ரெஞ்சை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டாள். நான் தாச்சியின் போனைச் சட்டைப் பையில் போட்டேன். என்ன தோன்றியதோ, புது நட்டு வைத்திருக்கும் டின்னில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டேன்.

"பாத்துப் போங்க!" என்று அராபா கத்தினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆறுதல் சொல்ல நேரமில்லை.

சனிக்கிழமையில் வழியிலுள்ள டாஃபோவைக் கடப்பதற்குப் பேசாமல் செத்தே போய்விடலாம். தெருவுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு ஒலிபெருக்கி, ரோட்டில் பாதிவரை பிளாஸ்டிக் நாற்காலி. கறுப்புத் துணியில் நூறு பேர் குறுக்கே நடக்கிறார்கள், ஒருவருக்கும் அவசரம் இல்லை. காலையில் என் வாசலில் வந்து அவசரப்படுகிறவர்கள் இங்கே வந்ததும் எங்கிருந்துதான் இவ்வளவு நிதானத்தைப் பெறுகிறார்களோ! நான் ஹாரனை அடித்தேன். ஒரு கிழவர் நின்று எனக்குக் கையசைத்து நன்றி சொன்னார், துக்கம் கேட்க வந்தவன் என்று நினைத்திருக்கிறார்.

"மாமா, ஓரமா விடுங்க!"

"ஓரத்துல சாக்கடை இருக்கு."

"சாக்கடையில விடுங்க!"

சாக்கடை ஓரமாகவே போனோம். அடுத்து பங்க்ரோனோவில் ட்ரோட்ரோ என்கிற பயணிகள் வேன் ஒன்று நடுவழியில் நின்று ஆள் ஏற்றியது. அதன் உதவியாளை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பின்னாலிருந்து செர்வாவின் முழங்கால் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஓட்டவில்லையே தவிர, அவள் உடம்பு முழுவதும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தது.

வழியில் மாம்பான்டெங் என்கிற ஊரைத் தாண்டியதும் என் நெஞ்சில் போன் துடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன். 'அக்கா கொனாடு' என்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாச்சி பேசத் தொடங்கிவிட்டார்.

"நிமாகோ அண்ணனா? போன உங்க கடையிலேயே விட்டுட்டேன், இப்பத்தான் பாத்தேன். பத்திரமா வெச்சிருங்க, திங்கக்கெழம வந்து வாங்கிக்கிறேன். அக்கா போன்ல சார்ஜ் இல்ல, வெச்சிடறேன்."

"யோவ், வண்டிய நிறுத்து!" என்று நான் அலறியபோது மறுமுனையில் ஒன்றுமில்லை. திரும்ப அடிக்கலாம் என்றால் போன் பூட்டிக்கிடந்தது. பெயரைக் காட்டியதே ஒழிய நம்பரைக் காட்டவில்லை. அந்தப் போனைத் தூக்கிச் சாலையில் எறியக் கையை ஓங்கிவிட்டேன். செர்வா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர் பேசும்போது பின்னால துணி விக்கிறவங்க சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்போ ன்டோன்சோவுல நிக்கிறாங்க. விடுங்க வண்டிய."

ன்டோன்சோவில் சாவுக்குக் கட்டும் துணியில் அச்சுக் குத்துகிறவர்கள் சாலை நெடுக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார் இல்லை. மை அப்பிய கையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"வெள்ளிக் கலர் காரா? ரெட்டப் புள்ளைங்க? இப்பத்தான் துணி வாங்கிட்டுப் போறாங்க. முன் சக்கரத்துல டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுன்னு நான்கூடச் சொன்னேன். புது ஷாக்கும்மா, பழகிட்டாச் சரியாயிடும்னாரு. கண்ணாடிய ஏத்திட்டுப் பாட்ட சத்தமா வெச்சுட்டாரு."

"பழகிட்டாவா?" என்றாள் செர்வா. "ஷாக் என்ன புது மருமகளா, பழகிச் சரியாகறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. சத்தம் வருகிறது என்றால் போல்ட் துளைக்குள் ஆட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இத்தனை வருடம் போல்ட் விற்றவனுக்கு அது தெரியாதா? ஆடுகிற போல்ட் நட்டைத் தானே கழற்றிவிடும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கேக் துண்டுக்கு அடித்துக்கொண்ட அந்த நாலு கைகளும் கண் முன்னாலேயே நின்றன.

மலைக்கு முந்தின ஊரான ஜமாசிக்குள் நுழையும்போதே மறுபடியும் கூட்டம். பெரிய மனிதர் சாவு போலிருக்கிறது. பறையும் கொம்புமாய்ச் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு பெட்டியைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னே இரண்டடி போவார்கள், பின்னே மூன்றடி வருவார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் கட்டி நின்றன.

"இந்தச் சனியன் புடிச்ச சாவுங்க! நாட்டுல மனுஷன் வேற கிழமையில சாகவே மாட்டானா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"மாமா!" செர்வா என் தோளை உலுக்கினாள். "அங்க பாருங்க!"

நின்ற வண்டிகளின் வரிசையில் முன்னால் அந்த வெள்ளிக் கார் நின்றது. அந்தப் பெட்டிதான் அதை மறித்து வைத்திருந்தது. சற்று முன் திட்டிய வாயாலேயே அந்த முகம் தெரியாத பெரியவருக்கு மோட்சம் கேட்டேன். அவள் பைக்கிலிருந்து குதித்து, ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு இடையே ஓடினாள். நான் பைக்கை ஒரு வாழை மரத்தில் சாய்த்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தாச்சி கண்ணாடியை இறக்கினார். "அட, போனக் குடுக்க இவ்வளவு தூரமா வந்தீங்க?"

"இறங்குங்கண்ணே. எல்லாரும் இறங்குங்க. கடைசி இறுக்கு இறுக்கவே இல்ல."

"தட்டினீங்களே!"

"நான் தட்டல."

"தட்டின சத்தம் கேட்டுச்சு மாஸ்டர், அதனாலதான் எடுத்தேன். இப்ப வந்து இல்லைங்கிறீங்க. இதோ பெட்டிய நகத்துறாங்க, வழி விட்டுட்டாங்கன்னா நான் போயிட்டே இருக்கணும். வண்டி நல்லாத்தான் ஓடுது. திரும்பி வரும்போது இறுக்கிக்கலாம்." அவர் கியரில் கை வைத்தார். "எங்கப்பா எனக்காகப் பெட்டிய மூடாம எவ்வளவு நேரம் கெடப்பாரு?"

செர்வா முன் சக்கரத்தின் பக்கம் போனாள். "ஸ்டியரிங்க ஒரே பக்கமா ஒடிச்சுக் குடுங்க, அது போதும்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒடித்தார். சக்கரம் திரும்பி உள்பக்கம் தெரிந்தது. அவள் தார்ச்சாலையில் முழங்காலிட்டு உள்ளே கையை விட்டாள். ரெஞ்ச் இல்லை, ஸ்பானர் இல்லை, வெறும் கை. தோள் இரண்டு தடவை அசைந்தது. கையை வெளியே எடுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நட்டு அதில் இருந்தது.

"ரெண்டு விரல்ல வந்துடுச்சுண்ணே. கடைசி மரையில நின்னுக்கிட்டிருந்துச்சு."

தாச்சி அந்த நட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கொனாடு இறங்கிப் பின்கதவைத் திறந்து குழந்தைகளை இழுத்து வெளியே எடுத்தாள். ஒரு குழந்தை செருப்பை விட்டுவிட்டு வந்தது. அதை எடுக்கக்கூட அவள் திரும்பி உள்ளே கையை நீட்டவில்லை.

நட்டின் மரை நசுங்கியிருந்தது. "புதுசு இருக்கா மாமா?" என்று செர்வா கேட்டபோது, கால்சட்டைப் பையிலிருந்ததை அப்படியே சாலையில் கொட்டினேன். அவள் சரியான அளவில் இரண்டைப் பொறுக்கினாள். நான் குனிந்து போல்ட்டின் தலையை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், போல்ட்டைத் திருப்பினால் பல் தேய்ந்து துளையும் கெடும். நட்டைத்தான் திருப்ப வேண்டும். மேல் நட்டுக்கு டக். கீழ் நட்டுக்கு டக். பிறகு திரும்பவும் மேல் நட்டு. எனக்கு அந்தச் சத்தம் கேட்கக் கேட்க மூச்சு வந்தது.

புஷ் பாக்கி இருந்தது. அதற்கு உள்ளே எடை வேண்டும்.

"ஏறி உக்காருங்க" என்றாள்.

யாரும் ஏறவில்லை. தாச்சிகூடச் சாலையில் நின்றார். கடைசியில் நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். நான் ஒல்லி. அராபாவின் பாதிகூட இல்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். புஷ்ஷுக்கும் டக் வந்தது.

எல்லாம் முடிந்ததும் செர்வா கொனாடுவிடம், "அக்கா, நகத்துக்குப் போடற சாயம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் புட்டி வந்தது. ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட்டுக்கு ஒரே கோடாக இழுத்தாள். நட்டு ஒரு மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குள் பெட்டி நகர்ந்து வழி திறந்திருந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. தாச்சி என்னிடமிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறிவிட்டார். "அக்கா, ஏறு. நேரமில்ல."

கொனாடு குழந்தைகளின் கையை விடவில்லை. "நான் ட்ரோட்ரோவுல வரேன்."

"இன்னிக்கு எந்த ட்ரோட்ரோவுல எடம் இருக்கு? அப்பா முகத்த நீ பாக்க வேணாமா?"

அவள் முகம் கோணியது. சாலையைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு நேராகச் செர்வாவிடம் வந்தாள்.

"உனக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"அதுங்கள இந்தக் கார்ல ஏத்தி அந்த மலைமேல அனுப்புவியா?"

சரியென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை சுத்தமாக முடிந்திருந்தது, அது எனக்கே தெரியும். ஆனால் செர்வாவுக்கு அந்த வார்த்தை வரவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். காலையிலிருந்து அவள் பட்ட பயம் மொத்தமும் அந்தக் கையில் இறங்கி நின்றதை நான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் அவ்வளவு பரிதாபமாக இருந்தது.

"அதுங்க இங்க இல்லக்கா" என்றாள் கடைசியில். "நான் ஏறுறேன். அந்தச் சக்கரத்துக்கு மேலயே உக்காந்து வரேன். என்ன ஆனாலும் மொதல்ல எனக்குத்தான்."

எண்ணெய்ச் சட்டையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கொனாடு ஒரு கணம் நின்றாள். பிறகு குழந்தைகளைப் பின்னால் ஏற்றித் தானும் ஏறினாள். செருப்பில்லாத குழந்தைக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். ஒருவரும் பானட்டில் தட்டவில்லை. கார் அப்படியே கிளம்பியது.

நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மலை தொடங்கியது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் மரங்களின் தலைகள் மட்டும் தெரியும் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் வலது முன் சக்கரம் பள்ளத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியது. நான் சாலையைப் பார்க்கவில்லை. அந்தச் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். கொஞ்சம் சாய்கிறதோ என்று ஒரு வளைவில் தோன்றியது, அடுத்ததில் இல்லை என்று தோன்றியது. எதிரே வந்த மரலாரி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. அதைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு லாரியைத் திட்டாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

உச்சியில் சாலை சமமானதும் கார் ஓரமாக நின்றது. செர்வா ரெஞ்சோடு இறங்கினாள். தாச்சி அவள் சொல்லாமலேயே ஸ்டியரிங்கை ஒடித்துக் கொடுத்தார். அவள் மல்லாந்து படுத்து போன் வெளிச்சத்தை அடித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடுகள் இழுத்தபடியே இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

அவள் எழுந்தாள். தாச்சி இஞ்சினை அணைக்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. கண்ணாடி வழியாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெட்டியை மூட நேரம் நெருங்கிவிட்டது, அது அவருக்குத் தெரியும். இருந்தும் காத்திருந்தார்.

செர்வா பானட்டில் இரண்டு தடவை தட்டினாள். மேகசினில்கூட அவ்வளவு சத்தமாகத் தட்டியதில்லை.

கார் போனது. பின் கண்ணாடியில் இரட்டைகள் எங்களுக்குக் கையாட்டின. மாம்பாங் ஊருக்குள் திரும்பி மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சாலையோரத்தில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

"அராபாவ ஒண்ணும் சொல்லிடாத" என்றேன்.

"அவங்கள என்ன சொல்ல? படகுக்குத் தட்டுற மாதிரி தட்டியிருக்காங்க, நல்ல மனசோட. வழிநெடுக யோசிச்சேன் மாமா. வேலை முடியறதுக்கு முன்னாடி நான்தான் சாவிய அவர் கையில விட்டுட்டுப் போயிட்டேன். இனிமே சாவி என் இடுப்புல இருக்கும்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் பைக்கைப் பார்த்தாள். "இந்தப் பிரேக்கோடயா இந்த மலைய எறங்கப் போறீங்க?"

"ஏறினேனே."

"ஏறுறதுக்கு எதுக்குப் பிரேக்கு? தள்ளி நில்லுங்க."

அவள் பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்து நட்டை இறுக்கினாள். மிதித்துப் பார்த்தாள், கொஞ்சம் தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். நான் ஏறி உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே, முதல் வளைவுக்குக் கீழே, மரங்களின் தலைகள் தெரிந்தன. எத்தனையோ வருடமாக எவனுடைய சைகைக்கும் காத்திராமல் ஓட்டியவன் நான். அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"போங்களேன், என்ன பாக்கறீங்க?" என்றாள்.

நான் போகவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் காயாமலேயே சிரித்தாள். முன்னால் வந்து பெட்ரோல் டாங்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ரெஞ்சை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறினாள்.